நாய் வளர்த்தால் வீடு கிடையாதா?
பென்னாகரத்தில் குடித்தனக்காரர்கள் படும் பாடு

பென்னாகரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி. உத்தியோகம் இருந்தால் வீடு உண்டு. பெண்டாட்டி, பிள்ளை இருந்தால் வீடு உண்டு. கூடவே ஒரு நாய் இருந்தால்? கதவைச் சாத்துகிறார்கள்!

இது தாலுகா தலைநகரம். மாற்றலாகி வரும் வாத்தியாருக்கும் வீடு வேண்டும், நர்சுக்கும் வேண்டும், குமாஸ்தாவுக்கும் வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைப்பது லைன் வீடுதான். நாலு குடித்தனம், ஒரு வாசல், ஒரு குழாய்.

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பிக்கும். "எத்தனை பேருங்க? என்ன வேலைங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. (அந்த அசிங்கம் தனிக் கதை.) எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, வாடகை பேசி, அட்வான்ஸ் பேசி, சாவி கைக்கு வரும் நேரத்தில், "ஒரு நாய் இருக்குதுங்க" என்பார் வந்தவர். அவ்வளவுதான்.

"நாயா? அது சரிப்பட்டு வராதுங்க!"

இதைச் சொல்லும் வீட்டுக்காரரின் கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று போர்டு தொங்கும். பக்கத்திலேயே "வீடு வாடகைக்கு" போர்டு. பின்கட்டில் ஆடு, மாடியில் கோழி. ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி என்ற ஊர், ஒரு மாட்டு இனத்துக்கே பேர் கொடுத்த ஊர். அப்பேர்ப்பட்ட சீமையில் குடித்தனக்காரரின் நாய்க்கு மட்டும் இடம் இல்லை!

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே வாசலில் நாலு வீட்டுக் குழந்தைகள் விளையாடும். நாய் ஒரு கடி கடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது அரிது. ராத்திரி முழுக்கக் குரைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வாசலில் அசிங்கம் செய்தால் யார் கழுவுவது? நாயைக் கட்டிப் போட்டுவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போய்விடும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது. பெரும்பான்மையோர் கை தூக்கினாலும் செல்லாது. குரைக்கிறது என்ற ஒரே காரணமும் போதாது. லிப்டில் நாயை ஏற்ற தனிக் கட்டணமும் கேட்கக் கூடாது.

இதெல்லாம் சங்கத்துக்குச் சொன்னது. பென்னாகரத்து லைன் வீட்டில் சங்கம் ஏது, லிப்டு ஏது? அங்கே வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். "என் வீடு, எனக்குப் பிடிக்கலை" என்று அவர் சொல்லிவிட்டால் சுற்றறிக்கையை நீட்டிப் பிரயோசனம் இல்லை.

ஐம்பது ரூபாய் அபராதம்!

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. பத்து வீடு ஏறி இறங்கிய குடும்பம் கடைசியில் ஒரு முடிவுக்கு வரும். சாமான் வண்டி கிளம்பும். தெருமுனை வரை நாய் பின்னால் ஓடி வரும். வண்டி நிற்காது. பிள்ளைகள் அழும். "புது வீட்டுக்குப் போய் வேற வாங்கித் தர்றேன்" என்று அப்பன் பொய் சொல்வான்.

நேற்று வரை தட்டில் சோறு தின்ற நாய், இன்று பஸ் ஸ்டாண்டில் எச்சில் இலைக்குச் சண்டை போடும். தடுப்பூசி நின்று போகும். குட்டி போடும். தெருநாய்த் தொல்லை என்று ஊரே கூச்சல் போடுகிறது. 2025 ஆகஸ்டில் அந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நாடே அமளிப்பட்டது. "நாய் கூடாது" என்று சொன்ன வீட்டுக்காரரின் தெருவிலேயே, அவர் பேரன் பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே, அந்த நாய் படுத்திருக்கும்!

வளர்த்த பிராணியைத் தகுந்த காரணம் இல்லாமல் கைவிடுவது குற்றம். 1960-ம் ஆண்டு மிருக வதைத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைக்குப் பத்து ரூபாயில் இருந்து ஐம்பது ரூபாய் வரை! இரண்டு பேர் டிபன் சாப்பிடக் காணாது. இதற்கு யார் பயப்படுவார்கள்?

எழுதி வாங்குங்கள்

வாயால் பேசி வீடு பிடிக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தத் தாளிலேயே நாயைப் பற்றியும் நாலு வரி எழுதிக்கொள்ளலாமே! வாசலைக் குடித்தனக்காரர் கழுவ வேண்டும், வெளியே போனால் சங்கிலி போட வேண்டும், கதவைப் பிறாண்டினால் அட்வான்சில் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டால் வீட்டுக்காரருக்கும் பிடி இருக்கும்.

தடுப்பூசிச் சீட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவசமாக ஊசி போடும் முகாம்கள் நடப்பது உண்டு. முடிந்தால் நாயையும் அழைத்துப் போய்க் காட்டலாம். சாவி வாங்கும்போது சொல்வதை விட, வீடு பார்க்கப் போன அன்றே சொல்லிவிடுவது நல்லது. மறைத்து வைத்துக் குடி வந்தால் முதல் ராத்திரியே அது குரைத்துக் காட்டிக் கொடுத்துவிடும்.