உதட்டுக்கு இடுவதும் உணவே

பினாங்கு ஜார்ஜ்டவுன் வணிக வளாகங்களின் மருந்துக் கடைகளில், வெளிநாடுகளிலிருந்து வந்து குவியும் முகப்பூச்சுகளையும் உதட்டுச் சாயங்களையும் எடுத்துப் பார்க்கிறவர்கள், அவற்றில் சிலவற்றின் உறைமீது ‘குளூட்டன் இல்லாதது’ என்னும் வாசகம் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்பதைப் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒதுக்கிவிட்டு, என்ன இல்லை என்பதை முகப்பில் பெரிய எழுத்தில் அறிவிக்கும் இந்த வழக்கத்தால் இரண்டு வகையான ஜனங்கள் வழிதவறுகிறார்கள். குளூட்டனால் யாதொரு தீங்கும் அடையாத பெரும்பாலோர், அச்சொல்லைப் பரிசுத்தத்தின் முத்திரையாக எண்ணி அநாவசியமாகக் காசு செலவிடுகிறார்கள். அதனால் உண்மையாகவே துன்பப்படுகிற சிலரோ, எந்தப் பொருளில் ஜாக்கிரதை வேண்டும், எதில் வேண்டாம் என்று அறியாமல் சகல பொருள்களையும் கண்டு அஞ்சுகிறார்கள். இவ்விஷயத்தில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோலின்மீது பூசி அங்கேயே நிற்கும் பொருளைப் பற்றி, குளூட்டனை உண்ணலாகாத சீலியாக் நோயாளிகூடப் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் உதட்டுக்கும் பல்லுக்கும் உணவெடுக்கும் கைக்கும் உபயோகிக்கும் பொருள் உணவுக்குச் சமானமானது, அதை உணவாகவே பாவித்து, உணவுக்குரிய சட்டத்தை அதற்கும் விதிப்பது நம் அரசாங்கத்தின் கடமை.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதம். நம் ஊர்க் கடைகளில் ரொட்டி சானாய் போடுகிறவர், பிசைந்த மாவைக் கிழியாமல் வீசி வீசி மெலிதாக விரிக்க முடிவது இந்தப் புரதத்தின் இழுவைக் குணத்தால்தான். பெரும்பாலோருக்குச் சாதாரண ஆகாரமாகச் சீரணமாகிவிடுகிற இது, சீலியாக் நோய் உள்ளவர்களின் வயிற்றில் சேர்ந்தால், சரீரத்தின் நோய்த்தடுப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கிச் சிதைக்கத் தொடங்குகிறது. அதன் விளைவாக உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. இரத்த சோகை, ஓயாத வயிற்றுப்போக்கு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு என்று துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர், இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நெடுங்காலம் கவனித்து, 1944-45ஆம் ஆண்டு பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத நாள்களின் அனுபவத்தையும் கண்டு, 1950இல் தமது ஆராய்ச்சி நூலில் நிரூபித்தார். இன்றுவரை இதற்கு ஆயுள் முழுதும் குளூட்டனை விலக்கி உண்பதைத் தவிர வேறு நிவாரணம் ஏற்படவில்லை.

சோறு உண்டு வாழும் நமக்கு இந்த வியாதி வராது என்று நம்மவர்களில் பலர் நம்புகிறார்கள். காலையில் ரொட்டி சானாயும், மாலையில் மீ கோரெங்கும், இரவில் சப்பாத்தியும், இடையிடையே பிஸ்கட்டும் உண்ணும் பினாங்கு வாழ்க்கையில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. மலேசிய இளைஞர்கள் 562 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்து 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, அவர்களில் நூற்றுக்கு 1.25 பேருக்கு இந்நோயின் எதிர்ப்பொருள்கள் இருக்கக் கண்டது. எதிர்ப்பொருள் இருப்பதனாலேயே நோய் உறுதியாகிவிடாது என்றாலும், நம் நாட்டில் இந்நோய் அறவே இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

நோய் உள்ளவர்களுக்கு அலங்காரப் பொருள்களால் வரும் அபாயம் எவ்வளவு என்பதே அடுத்த வினா. குளூட்டனின் மூலக்கூறு பெரியது. புண்ணோ வெடிப்போ இல்லாத தோலைக் கடந்து அது உள்ளே செல்வதில்லை. குடலைச் சென்றடைந்தால்தான் சீலியாக் நோயைத் தூண்டுகிறது. ஆகவே கன்னத்தில் பூசும் மாவும், இமையில் தீட்டும் வர்ணமும், காலில் தடவும் தைலமும் அந்நோயாளிக்குத் தீங்கு செய்வதற்கு வழியில்லை. இந்த இடத்தில் ஒரு மயக்கம் எழுவது இயல்பு. சீலியாக் நோயோடு தொடர்புடைய ஒரு தோல் வியாதி உண்டு. 1884இல் டூரிங் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த அது, முழங்கையிலும் முழங்காலிலும் பிட்டத்திலும் தாங்க முடியாத அரிப்போடு சிறுசிறு கொப்புளங்களாகக் கிளம்புவது. தோலில் தோன்றும் வியாதியாயிற்றே, தோலில் பூசுவதை மாற்றினால் குணமாகும் என்று நினைத்துவிடுகிறார்கள். அக்கொப்புளங்களுக்கும் காரணம் உண்ட குளூட்டனே. குடலில் தொடங்கிய கோளாறு இரத்தத்தின் வழியே தோலை வந்தடைகிறது. எத்தனை விலையுயர்ந்த முகப்பூச்சை மாற்றினாலும், தட்டில் இருக்கும் சப்பாத்தியை மாற்றாதவரை அந்த அரிப்பு தீராது.

உதட்டின் சங்கதி முற்றிலும் வேறு. உதட்டில் இட்ட சாயம் சிறிது நேரத்தில் மங்கிப்போவதும், அதை மீண்டும் மீண்டும் இட வேண்டியிருப்பதும் அனைவரும் அறிந்ததே. அதில் ஒரு பகுதி போன இடம் நம் வயிறுதான். பற்பசையையும், வாய் கொப்பளிக்கும் திரவத்தையும் பற்றி விளக்க வேண்டியதில்லை. குழந்தைகள் அவற்றை விழுங்கியே விடுகிறார்கள். நம்மவர்களுக்கென்று பிரத்தியேகமாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரண்டியால் உண்ணும் நாடுகளில் கைக்குத் தடவும் கிரீம் அவ்வளவு முக்கியமல்ல. வாழையிலையில் சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் நமக்கு, கையில் பூசியது கவளத்தோடு வாய்க்குள் செல்கிறது. குழந்தைக்கு ஊட்டும் தாய், தன் கையில் பூசியதைக் குழந்தைக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள். நன்றாகக் கை கழுவிய பின் உண்ணுவது என்ற நம் முன்னோரின் ஆசாரம், சீலியாக் நோயாளியின் வீட்டில் வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

இதைப் படித்து எவரும் கலக்கமடைய வேண்டியதில்லை. உணவுப் பொருளில் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் குளூட்டன் இல்லையென்றால் அதைக் குளூட்டன் அற்றதாகக் கொள்ளலாம் என்பது சர்வதேச உணவுத் தரக் கமிஷனின் விதி. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் வாய்ச் சுத்திகரிப்புப் பொருள்களும் அலங்காரப் பொருள்களுமாக 66ஐ எடுத்துப் பரிசோதித்தபோது, 62 பொருள்கள் அந்த எல்லைக்குள் அடங்கின. எஞ்சிய நான்கும் அந்த எல்லையைச் சிறிதளவே கடந்திருந்தன. பொருள்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. தீங்கு தரக்கூடிய சிலவற்றை இன்னவை என்று அடையாளம் காட்டுவதே தேவை.

சீலியாக் நோயிலிருந்து வேறுபட்ட கோதுமை ஒவ்வாமையைப் பற்றியும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஏனெனில் அதன் வழி தோலினூடேயும் திறந்திருக்கிறது என்பதை ஜப்பானில் நடந்த ஒரு பெரும் துயரம் உலகத்துக்குக் கற்பித்தது. ‘ச்சா நோ ஷிஸுகு’ என்ற பெயரில் அங்கே லட்சோப லட்சம் பேர் உபயோகித்த முகம் கழுவும் சோப்பில், நீரால் சிதைக்கப்பட்ட கோதுமைப் புரதம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அச்சிதைவு போதிய அளவு நுண்ணியதாக இல்லாததாலும், சோப்பின் நுரையோடு கண்ணிலும் மூக்கிலும் தோலிலும் அது தினந்தோறும் பட்டதாலும், முன்பு கோதுமையைத் தாராளமாக உண்டுவந்த பெண்கள், பின்னர் ரொட்டி உண்டு சிறிது நடமாடினாலே கண் இமை வீங்கி, மூச்சுத் திணறி, மயங்கி விழும் நிலையை அடைந்தார்கள். 2011இல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களாக உறுதி செய்யப்பட்டோர் 2,000 பேருக்கு மேல். இதன் பின்னரே ஐரோப்பிய ஒன்றியம், அலங்காரப் பொருளில் சேர்க்கும் சிதைத்த கோதுமைப் புரதத்தின் மூலக்கூறு இவ்வளவுக்குமேல் பெரியதாக இருக்கக்கூடாது என்று 2017இல் சட்டம் இயற்றியது. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களும், கரப்பான் வந்து தோல் வெடித்தவர்களும் இப்பொருள் சேர்ந்த சோப்பையும் கிரீமையும் விலக்குவதே விவேகம்.

ஆனால் எதை விலக்குவது என்று அறிய, உறையில் எழுதியிருப்பது விளங்க வேண்டுமே! மலேசியாவில் அலங்காரப் பொருள்கள் 2008 முதல் ஆசியான் நாடுகளின் பொது விதியைப் பின்பற்றுகின்றன. சேர்மானங்கள் அனைத்தையும் உறையில் எழுத வேண்டும் என்பது அந்த விதி. எழுதுகிறார்கள், ஆயினும் தாவரங்களின் பெயர்கள் லத்தீன் மொழியில் நிற்கின்றன. ‘திரிட்டிகம் வல்காரே’ என்றால் கோதுமை என்றும், ‘ஹோர்டியம் வல்காரே’ பார்லி என்றும், ‘செகாலே செரியாலே’ ரை என்றும், ‘அவேனா சடைவா’ ஓட்ஸ் என்றும் அறிந்த குடும்பத் தலைவிகள் நம்மிடையே எத்தனை பேர் இருப்பார்கள்? ஓட்ஸில் இயல்பாகக் கோதுமையின் குளூட்டன் கிடையாது. ஆனால் அறுவடையிலும் அரைவையிலும் கோதுமை கலந்துவிடுவது சாதாரணம் என்பதால் அதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தின் நிலைமை இதைவிட எவ்வளவோ மேல். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை உணவுப் பொட்டலத்தின்மேல் தெரிவித்தாக வேண்டும். பிஸ்கட்டை உண்ணும் அதே வாயில் படுகிற உதட்டுச் சாயத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லாதிருப்பது நியாயமாகுமா?

வாங்குகிறவர்கள் அறிய வேண்டிய இன்னொரு விஷயம், அரசாங்கத்தின் அறிவிப்பு எண்ணைப் பற்றியது. சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்ட ஒவ்வோர் அலங்காரப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அதை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். அந்த எண், பொருளை விற்பனைக்கு முன் அரசாங்கம் சோதித்துப் பார்த்ததற்கு அத்தாட்சி அல்ல. பொருளுக்கு இன்னார் பொறுப்பாளி என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே. எனினும், அந்த எண்கூட இல்லாமல் விற்கப்படும் பொருளுக்குப் பொறுப்பேற்க ஒருவருமில்லை. பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை கலந்த கிரீம்களின் பெயர்களை அந்நிறுவனம் அவ்வப்போது வெளியிட்டு ஜனங்களை எச்சரிக்கிறது. நிறத்தை வெளுப்பாக்கும் ஆசையைத் தூண்டி விற்கப்படும் அத்தகைய கிரீமில் ஒரு துளி கோதுமைகூட இல்லாதிருக்கலாம். அதன் பாதரசமோ சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. 1969இல் தோன்றி, எஸ்.எம். முகமது இத்ரிஸின் தலைமையில் அரை நூற்றாண்டுக் காலம் உழைத்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம், பாதரசக் கிரீம்களுக்கு எதிராக எழுப்பிவந்த குரலை நம் மக்கள் மறந்துவிடலாகாது. கிரீம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி பாதரசத்தைப் பற்றியது. குளூட்டனைப் பற்றிய கேள்வி அதற்கு மிகவும் பிந்தியது.

சீலியாக் நோய் உள்ள இல்லங்களிலும் வரிசையை மாற்றிக்கொள்ளக்கூடாது. அலமாரியில் உள்ள முகப்பூச்சை ஆராய்வதற்கு முன் சமையலறையை ஆராய வேண்டும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம் என்பதையும், நாம் மீ கோரெங்கில் ஊற்றும் சோயா சாஸ் பலவற்றில் கோதுமை இருக்கிறது என்பதையும் அறியாமல், உதட்டுச் சாயத்தை மாத்திரம் மாற்றுவதால் என்ன பிரயோஜனம்? வயிற்றுக் கோளாறோ, காரணம் தெரியாத இரத்த சோகையோ உள்ளவர்கள், தாமாகவே கோதுமையை நிறுத்திவிடாமல், முதலில் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கோதுமையை நிறுத்திய பிறகு செய்யும் பரிசோதனை, இருக்கும் நோயையும் இல்லையென்று காட்டிவிடக்கூடும். முகத்துக்குப் பூச எளிய பொருள் நாடுகிறவர்களுக்கு, மலாய்க்காரர்களின் அரிசியாலான பெடாக் செஜூக்கும், நம் பாட்டிமார் தேய்த்துக் குளித்த பாசிப்பயற்று மாவும் இன்றும் கிடைக்கின்றன. இவை இரண்டும் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. உதட்டுக்கும் வாய்க்கும் கைக்கும் உரிய ஒவ்வொரு பொருளின் உறையிலும், கோதுமையோ பார்லியோ ரையோ சேர்ந்திருந்தால் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சாதாரண மனிதர் அறிந்த பெயரால் எழுத வேண்டும் என்று சுகாதார அமைச்சு கட்டளையிட வேண்டும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத விரும்பும் உற்பத்தியாளர், உணவுக்குரிய அந்த 20 பங்கு எல்லைக்குள் தமது பொருள் அடங்குகிறது என்பதைப் பரிசோதனையால் நிரூபிக்க வேண்டும். தோலில் பூசும் பொருள்களையும் சோப்பையும் பொறுத்தவரை, சிதைத்த கோதுமைப் புரதத்துக்கு ஐரோப்பியர் விதித்த வரம்பு நம் நாட்டிலும் முழுமையாக அமல் செய்யப்பட வேண்டும். ஜப்பானியப் பெண்கள் உடம்பைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நம் பெண்களும் அவ்வாறே கற்க வேண்டியதில்லை. இம்மூன்றும் உற்பத்தியாளருக்குப் பெரும் செலவை உண்டாக்குவன அல்ல. உணவுப் பொட்டலத்துக்கு ஏற்கனவே சட்டம் வகுத்த ஒரு நாடு, உதட்டுச் சாயத்துக்கும் அதை விரிவாக்க மேலும் காத்திருக்க வேண்டிய அவசியம் யாதொன்றும் இல்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு, நோயற்றவர்களாகிய நமக்கும் உண்டு.