பத்தாம் வகுப்பிலும் பந்து வேண்டும்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. இதை மேடைகளில் சொல்கிறோம்; கட்டுரைகளில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால் பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுப் பாடவேளைதான். பல பள்ளிகளில் அந்த நேரம் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. மாணவியராகிய நாமும் வாய் திறப்பதில்லை. இது சரிதானா? 1911-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடந்த ஒரு கால்பந்துப் போட்டியை முன்வைத்து என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி 1893-ஆம் ஆண்டு தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகளாக அக்கேடயம் ஆங்கிலேயரின் அணிகளிடமே இருந்தது. இந்தியரும் பந்தாடினார்கள், ஆனால் பட்டாளத்து வீரர்களை வெல்ல இந்தியரால் இயலாது என்பதே அன்றைய எண்ணம். இந்த எண்ணத்தை உடைத்தது 1889-இல் தொடங்கப்பட்ட மோகன் பகான் அணி.

1911 ஜூலை 10-ஆம் நாள் அவர்களுடைய முதல் ஆட்டம். எதிரணி, இயேசு சபைக் குருக்கள் நடத்தும் தூய சவேரியார் கல்லூரியின் அணி. மூன்று கோல்கள் போட்டு மோகன் பகான் வென்றது. அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2-1 என்றும், ரைஃபிள் பிரிகேட் படையணியை 1-0 என்றும் வென்றார்கள். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியுடன் ஆடிய ஆட்டம் 1-1 எனச் சமனாயிற்று. இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆடி 3-0 என்று வென்றார்கள். ஜூலை 29-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே நின்றது ஈஸ்ட் யார்க்ஷயர் படையணி.

மைதானத்தில் இடம் கிடைக்காதவர்கள் மரங்களில் ஏறி நின்றார்கள். தொலைவில் இருந்தவர்கள் கோல் கணக்கை அறியக் காற்றாடிகள் பறக்கவிடப்பட்டனவாம். முதல் கோலைப் போட்டவர்கள் ஆங்கிலேயர்களே. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அபிலாஷ் கோஷ் வெற்றி கோலைப் போட்டார். இருபது நாட்களுக்குள் ஆறு ஆட்டங்கள். போட்ட கோல்கள் 12, வாங்கியவை மூன்றே மூன்று! ஓர் இந்திய அணி அக்கேடயத்தை வென்றது அதுவே முதல் முறை. 1905-இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டதால் மனம் நொந்திருந்த மக்கள் அன்று தலைநிமிர்ந்தார்கள். இன்றும் ஜூலை 29 'மோகன் பகான் தினம்' என்று கொண்டாடப்படுகிறது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அவர்கள் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வெற்றி கோலைப் போட்ட அபிலாஷ் கோஷ் ஒரு கல்லூரி மாணவர். சுதிர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், பின்னாளில் போதகரானார். மற்றவர்களில் பலர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். பாடம் படித்தவரும் பாடம் நடத்தியவரும் ஒரே அணியில் நின்று பந்தாடினார்கள். படிப்பும் விளையாட்டும் சக்களத்திகள் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்த வெற்றி ஒரே நாளில் வந்ததன்று. 1909-இல் இதே கேடயப் போட்டியில் கார்டன் ஹைலாண்டர்ஸ் படையணியிடம் அவர்கள் தோற்றுப் போனார்கள். தோற்றதும் பந்தை மூலையில் போட்டுவிடவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். நம்மில் பலர் ஒரு மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே சோறு தண்ணீர் இல்லாமல் அழுகிறோம். தோற்கவும், தோற்ற பிறகு எதிரணியின் கையைக் குலுக்கவும், மறுநாள் மீண்டும் மைதானத்துக்கு வரவும் கற்றுத் தருவது விளையாட்டு ஒன்றே. அந்தப் பாடம் எந்த வகுப்பைவிடவும் பத்தாம் வகுப்பில்தான் அதிகம் தேவைப்படுகிறது.

மூன்றாவது செய்தி காலணியைப் பற்றியது. அந்தப் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். சுதிர் சட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். பட்டாளத்துப் பூட்ஸ்களுக்கு எதிரே வெறுங்காலுடன் நின்ற வீரத்தைப் போற்றாதவர் இல்லை. நானும் போற்றுகிறேன். ஆனால் வறுமையையே பெருமையாக்கி அதிலேயே நின்றுவிடக் கூடாது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில், நம் வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. பூட்ஸ் அணிந்து சென்ற நம் அணி 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. துணிவு வேண்டும், துணிவுடன் வசதியும் வேண்டும்.

இனி, எங்கள் ஊரைப் பாருங்கள். வாலிகண்டபுரத்தில் மாலையானால் பையன்கள் பந்துடன் புறப்பட்டுவிடுகிறார்கள். அதே நேரத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குடமும், அடுப்படியும், தம்பி தங்கையரும் காத்திருக்கின்றன. "பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு? கை கால் முறிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பெண்ணுக்கு உடல் வலு இல்லை என்பவர்கள் எங்கள் பக்கத்துப் பருத்திக் காட்டுக்கு வரட்டும். உச்சி வெயிலில் குனிந்து பருத்தி எடுப்பவர்களும், மக்காச்சோளத் தட்டைக் கட்டித் தலையில் சுமப்பவர்களும் யார்? வேலைக்கு இருக்கும் வலு விளையாட்டுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

பெண்களைத் தடுத்தது நம் நாடு மட்டுமன்று. 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஒரு கால்பந்து ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறித் தன் அணிகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அத்தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆட்டம் தெரியாததால் மூடப்பட்ட கதவன்று அது; ஆட்டம் நன்றாக இருந்ததால் மூடப்பட்ட கதவு!

நம் தமிழகத்துப் பெண்களோ கதவைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். 2018-இல் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பலமுறை கோப்பை வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அதில் ஒரு கோல் போட்ட இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண், இந்தியாவுக்காகவும் ஆடியவர். 2019-இல் மதுரை சேது அணி இந்திய மகளிர் லீக் போட்டியை வென்றது. 2023-இல் தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பையைக் கொண்டு வந்தது. கடலூர் நமக்கு எட்டாத தூரமா?

"பொதுத் தேர்வு முடியட்டும், பிறகு விளையாடலாம்" என்று சொல்லும் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. பத்தாம் வகுப்பில் முதல் தலைமுறையாகத் தேர்வு எழுதும் பெண்கள் எங்களில் பலர். மதிப்பெண்தான் எங்களுக்குத் திறக்கும் வாசல். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்துக்குப் பின் பன்னிரண்டு வரும், பன்னிரண்டுக்குப் பின் கல்லூரி, பிறகு திருமணம். 'பிறகு' என்ற அந்த நாள் பையன்களுக்கு வருகிறது. பெண்களுக்கு வருவதே இல்லை. எங்கள் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். கடைசியாக ஓடி விளையாடியது எந்த வயதில் என்று கேட்டால், சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

நாங்கள் கேட்பது பெரிதன்று. வாரத்தில் இரண்டு பாடவேளைகள். அவற்றை வேறு எந்தப் பாடத்துக்கும் கொடுக்காமல் எங்களுக்கே விட்டுவிட வேண்டும். இரண்டு பந்துகள், காலுக்கு ஏற்ற காலணிகள். மாலையில் அரைமணி நேரம் விளையாடிவிட்டு வந்தால், வீட்டில் கோபிக்காத ஒரு தாயும் தந்தையும். இவ்வளவே! அன்புச் சகோதரிகளும் ஆசிரியைகளும் பெற்றோரும் இதற்கு மனம் வைக்க வேண்டுகிறேன்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. கிடைக்கும் பாடவேளையை மர நிழலில் கதை பேசிக் கழிக்காதீர்கள். 1911-க்குப் பிறகு அடுத்த இந்திய அணி அக்கேடயத்தை வெல்ல 25 ஆண்டுகள் ஆயின என்பதை மறவாதீர்கள். ஒருமுறை திறந்த கதவு தானாகத் திறந்தே இருப்பதில்லை. அடுத்து வருபவர்களும் அதன் வழியே நடக்க வேண்டும். நம் தங்கைகளுக்காகவேனும் நாம் மைதானத்தில் இறங்குவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, வாலிகண்டபுரம்