பார்க்காத மனிதருக்காக அழலாமா?



போன மாத இதழில் அண்ணன் ஒருவர் சினிமா நடிகர்களின் ரசிகர்களைப் பற்றி எழுதியிருந்தார். "நேரில் பார்க்காத, நம்ம பெயர்கூடத் தெரியாத ஒருவர் இறந்ததற்கு அழுவது வேலையற்ற வேலை" என்று அடித்துச் சொல்லியிருந்தார். நிறைய பேர் நின்று படித்தார்கள், தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. பஸ்ஸை மறிப்பது, கடையை அடைக்கச் சொல்வது இதெல்லாம் எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் அழுகையையும் அதையும் ஒரே கணக்கில் சேர்க்கலாமா? நடிகர்களை விட்டுவிடுவோம். அவர்களுக்காவது போஸ்டரில் முகம் இருக்கிறது. முகமே தெரியாமல் குரல் மட்டும் தெரிந்த ஒருவர் இறந்தால்?

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் போய் உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தவர் அவர். வானொலி நாடகங்களில் நடித்தவர், நூல்களும் எழுதியவர். சாத்தான்குளம் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அதாவது நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம்தான். 2020 டிசம்பரில் அவர் காலமானார்.

அப்போது கொரோனாவால் பள்ளிக்கூடம் இல்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். என் தாத்தா டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு வந்தவர், மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "என்னப்பா, அவரு உங்களுக்கு அண்ணனா தம்பியா? ஒரு தடவையாச்சும் நேர்ல பாத்திருக்கீங்களா?" என்றார். தாத்தா, "பாத்ததில்லடா. கேட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசவில்லை. சித்தப்பாவும் அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை.

தாத்தா நம்ம ஊர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கத்தானே வேண்டும்? மேட்ச் நாளில் தூங்க மாட்டாராம். டிரான்சிஸ்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். செல் தீரப்போகிற மாதிரி குரல் இழுத்தால், அதைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்களாம். (எங்கள் அறிவியல் சார் இதற்கு விளக்கம் சொன்னால் நன்றாக இருக்கும்!) அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சென்னைக்கே போனதில்லை. ஆனால் சேப்பாக்கத்தில் பெவிலியன் முனை எது, வாலாஜா சாலை முனை எது என்று எல்லாருக்கும் தெரியும். யார் காட்டியது? குரல் காட்டியது!

இதில்தான் என் வாதமே இருக்கிறது. டி.வி.யில் வர்ணனை செய்கிறவர், நாம் ஏற்கெனவே பார்த்ததைப் பற்றிப் பேசுகிறார். இப்போது ஐ.பி.எல்.லுக்குத் தமிழில் நன்றாகத்தான் பேசுகிறார்கள், சிரிப்புக் காட்டுகிறார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் சத்தத்தைக் குறைத்துவிட்டாலும் மேட்ச் ஓடும். ரேடியோவில் அவர் வாயை மூடினால் மைதானமே காணாமல் போய்விடும். பந்து வீசுகிறவர் எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறார், பந்து எங்கே விழுந்தது, மட்டையின் நடுவில் பட்டதா விளிம்பில் பட்டதா, யார் துரத்துகிறார், எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அத்தனையையும் பந்து ஓடுகிற வேகத்திலேயே சொல்ல வேண்டும். அதுவும் தமிழில்! ஓட்டம், ஆட்டமிழந்தார், பந்துவீச்சாளர் என்று நாம் இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைகளெல்லாம் வீடு வீடாக வந்ததில் ரேடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1986 செப்டம்பர் சேப்பாக்கம் டெஸ்ட்டைப் பற்றித் தாத்தா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா ஜெயிக்க 348 வேண்டும். 347-ல் நிற்கிறோம். கடைசி விக்கெட். கடைசி ஓவரில் ஐந்தாவது பந்து. மணீந்தர் சிங்கின் காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் கத்துகிறார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் அம்பயரின் விரலைப் பார்த்துவிட்டார்கள். ரேடியோ கேட்டவர்கள்? கூட்டத்தின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அது மகிழ்ச்சிச் சத்தமா, துக்கச் சத்தமா என்றுகூடத் தெரியாது. ஒரு மனிதர் சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவுட். ஆட்டம் 'டை'. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது 'டை' தான். இப்படி உங்களுக்குக் கண்ணாக இருந்தவர் இறந்துபோனால், "அவர் உங்களுக்கு யார்?" என்று கேட்பது சரியா?

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. எங்கள் ஆங்கில டீச்சர் ஒரு அமெரிக்கரைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு, கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதில் டாட்ஜர்ஸ் என்ற அணியின் ஆட்டங்களை வின் ஸ்கல்லி என்பவர் 1950 முதல் 2016 வரை, 67 சீசன்கள் வர்ணனை செய்தாராம். மைதானத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனவர்கள்கூட டிரான்சிஸ்டரைக் கொண்டுபோய், கண்ணெதிரே நடக்கிற ஆட்டத்தை அவர் குரலில் கேட்டார்களாம்! 2022 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, 94 வயதில் அவர் இறந்தபோது ரசிகர்கள் மைதானத்தின் வாசலில் பூங்கொத்துகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பெரிய வெற்றி கிடைத்துக் கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது அவர் பேசவே மாட்டாராம். கூட்டத்தின் சத்தத்தைக் கேட்க விட்டுவிடுவாராம்.

அதே ஆகஸ்ட் 13-ஆம் தேதி சரோஜ் நாராயணசுவாமி மும்பையில் காலமானார். டெல்லியிலிருந்து ஆகாசவாணித் தமிழ்ச் செய்தி வாசித்தவர். அந்தத் தடவை வருத்தப்பட்டது எங்கள் ஆச்சி. ஆச்சிக்கு கிரிக்கெட் தெரியாது. ஆனால் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே ரேடியோ கேட்டவர். காலை ஏழே கால் செய்திதான் அவருக்குக் கடிகாரம். அந்த அம்மா பெயரைச் சொல்லிச் செய்தி ஆரம்பித்தால் அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியாக வேண்டும். "பொம்பளை வாசிச்சா அவ்வளவு அழுத்தமா இருக்கும்னு அவங்களக் கேட்டுத்தான் தெரிஞ்சுது" என்று ஆச்சி சொல்வார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் சித்தப்பாவுக்கும் பழக்கம்!

ஆக, அண்ணனுக்கு நான் சொல்வது இதுதான். நம்ம பெயர் அவர்களுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் நம்ம வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் அவர்கள். நாம் போகவில்லை. கஷ்டமான நைட் ஷிப்டுக்குப் பிறகு என் தாத்தாவுக்குத் துணையாக இருந்தது சொந்தக்காரர்களைவிட அந்தக் குரல்தான். துணைக்கு இருந்தவர் போனால் சாப்பாடு இறங்காது. இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது?

இன்னொரு விஷயம். வர்ணனை சுலபம் என்று நினைப்பவர்களுக்காக. எங்கள் வகுப்புத் தோழிகள் நாலு பேர் போன வாரம் ஒரு சோதனை செய்தோம். மைதானத்தில் கோ-கோ நடக்கும்போது ஒருத்தி ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், இன்னொருத்தி ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிஷத்தில் எல்லாருக்கும் வாய் உலர்ந்துவிட்டது. "ஓடுறா, ஓடுறா, ஐயோ!" என்றால் திரும்பி உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன தெரியும்? எந்தக் கம்பத்தைப் பார்த்து ஓடுகிறாள், துரத்துகிறவள் எத்தனை அடி பின்னால், யாருக்கு 'கோ' கொடுத்தாள் என்று சொன்னால்தான் படம் ஓடுகிறது. நாலாவது ஆளுக்குத்தான் கொஞ்சம் பிடிபட்டது.

நம் பள்ளி விளையாட்டு விழாவில் மைக்கில் என்ன கேட்கிறோம்? "ஹலோ, மைக் டெஸ்டிங்", அப்புறம் சினிமாப் பாட்டு, அப்புறம் "மாணவர்கள் கோட்டைத் தாண்டி நிற்கவும்". இந்த வருஷம் கபடிக்கும் கோ-கோவுக்கும் மாணவர்களே தமிழில் வர்ணனை செய்யலாம் என்று பி.டி. சாரிடம் கேட்டிருக்கிறோம். "ஒரு ஆட்டத்துக்குத் தர்றேன், நல்லா இருந்தா மத்ததுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். வெயிலில் நிற்க முடியாமல் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் கேட்கும்படி ஒரு குழாயைத் தெருப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லியும் கேட்டிருக்கிறோம். நடுவில் பாட்டுப் போட மாட்டோம். குத்துமதிப்பாகப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டாம். கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லத் தெரிந்தவர்கள், ஆண் பெண் யாராக இருந்தாலும், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணிக்குள் எங்கள் வகுப்பில் பெயர் கொடுக்கவும். போன மாதம் எழுதிய அண்ணனும் வரலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு