ரேஸ் காரின் ஆர்ம் வீட்டுக் காருக்கு எதற்கு?

போன வாரம் எங்களிடம் முன்பு படித்த ஒரு தம்பி வீடு தேடி வந்தார். இப்போது கலியாணம் முடித்து ஒரு பிள்ளையும் இருக்கிறது. ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். ஹொண்டா சிவிக் காருக்கான நீல நிற அப்பர் ஆர்ம் ஒரு சோடி.

"ஸேர், உங்கட ரேஸ் காருக்குப் போட்ட மாதிரித்தானே இது? என்ட காருக்கும் போடுவமா?"

வேண்டாம் என்றோம். முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க போடலாம், நாங்க போடக் கூடாதா ஸேர்?"

நியாயமான கேள்வி. அன்று அவசரத்தில் நாங்கள் சொன்ன பதில் போதாது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றத் தம்பிமாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கார் ஒரு பழைய சிவிக் இ.கே. 1996 முதல் 2000 வரை வந்த வகை. இரண்டு ஆசிரியர்கள், ஒரு கராஜ் பாஸ், அவருடைய தம்பி என நான்கு பேர் விடுமுறை நாட்களில் சேர்ந்து, கட்டுக்குருந்த ஓடுபாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த கார் அது. வீதியில் ஓடுவதில்லை.

அந்தக் காரின் முன் சில்லு ஒவ்வொன்றையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. ஒரு முனை ரப்பர் புஷ் வழியாகக் காரின் உடலோடும், மறுமுனை போல் ஜொயின்ட் வழியாகச் சில்லோடும் சேர்கிறது. சில்லு மேலும் கீழும் போகும்போது எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை இந்த ஆர்ம்களின் நீளமும் கோணமும்தான் தீர்மானிக்கின்றன.

வேகமாக வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கம் சரியும். அப்போது வெளிப்பக்க டயரின் ஓரம் மட்டுமே தரையைப் பிடிக்கும். அதற்காகத்தான் ஓடுபாதைக் காரில் சில்லின் மேற்பக்கத்தை உள்ளே சாய்த்து வைக்கிறோம். நெகட்டிவ் கேம்பர் என்பது அதுதான். சிவிக்கின் முன் சில்லுக்குத் தொழிற்சாலை சொல்லும் அளவு 0 பாகை. நாங்கள் வைத்திருப்பது சுமார் 3 பாகை. காருடன் வந்த அப்பர் ஆர்மின் நீளத்தை மாற்ற முடியாது. அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆர்ம் தேவைப்பட்டது. லோவர் ஆர்மின் பின்பக்கத்தில் உள்ள பெரிய ரப்பர் புஷ், கடுமையாக ப்ரேக் பிடிக்கும்போது அமுங்கிச் சில்லைப் பின்னே நகர விடும். அதையும் கடினமானதாக மாற்றினோம்.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம்.

ஆர்ம், புஷ், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரே இரவில் பூட்டினோம். அடுத்த நாள் கார் முன்பைவிட மோசம். ப்ரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுத்தது. எந்தப் பாகத்தால் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பிள்ளைகளுக்கு நாங்களும் அதைத்தான் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறோம். கராஜுக்குள் போனதும் மறந்துவிட்டோம். எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிப் பார்த்தோம். புதிய பாகம் எதிலும் குறையில்லை. ஒரு பக்கத்துக் கீழ் போல் ஜொயின்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. புது ஆர்முக்குக் கொடுத்த காசில் ஒரு சிறு பங்கே அதை மாற்றப் போதுமாக இருந்தது.

இன்னொன்று. முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவது எங்கள் வழக்கம். ஒரு நாள் பயிற்சி ஓட்டம் முடிந்து பார்த்தால், அப்பர் ஆர்மின் லொக் நட்டில் அந்தக் கோடு விலகியிருந்தது. நட் தளர்ந்துவிட்டது. இன்னும் சில சுற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம்.

தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. எங்கள் கார் ஒரு நாளைக்குச் சில சுற்றுகள்தான் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நான்கு பேர் குனிந்து பார்க்கிறோம். ஓட்டுபவர் ஹெல்மட் போட்டிருக்கிறார், சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது. உங்கள் கார் தினமும் ஓடுகிறது. பின் சீட்டில் உங்கள் பிள்ளை இருக்கிறது. லொக் நட்டை யார் பார்ப்பது?

அதோடு, வீதியில் அந்த 3 பாகை சாய்வினால் நன்மை இல்லை. நேராக ஓடும்போது டயரின் உள் ஓரம்தான் தேயும். வெளியில் இருந்து பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும், உள்ளே கம்பி தெரியும். மழைக் காலத்தில் கடுகண்ணாவ இறக்கத்தில் ப்ரேக் பிடிக்கும்போதுதான் அதன் விலை தெரியும். ரப்பருக்குப் பதிலாக இரும்பு ஜொயின்ட் போட்டால் புழுதியும் சேறும் பட்டுச் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். எங்கள் வீதிகளில் இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை.

2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தார்கள். அதன் காரணத்தைப் பற்றி நாங்கள் இங்கே பேச வரவில்லை. கார் கைமீறினால் விலை கொடுப்பது ஓட்டுபவர் மட்டுமல்ல என்பதை அன்று நாடே பார்த்தது. போட்டிக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே அப்படியென்றால், பாடசாலை விடும் நேரத்தில் எங்கள் ஊர் வீதியில்?

வீட்டுக் காரை மேம்படுத்த ஆசைப்படுவது பிழை என்று சொல்லவில்லை. வரிசைதான் முக்கியம். முதலில் ஜெக் அடித்துச் சில்லை ஆட்டிப் பாருங்கள். போல் ஜொயின்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா, புஷ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழுதானதை நல்ல தரமான பாகமாக வாங்கி மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் காரின் பாரம் சில்லில் இறங்கிய பிறகே கடைசியாக முறுக்கச் சொல்லுங்கள். தூக்கி வைத்தபடியே முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மன்ட். பெரும்பாலான கார்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

சனிக்கிழமை அந்தத் தம்பியின் காரை ஜெக் அடித்தோம். இடது பக்கத்து போல் ஜொயின்ட் ரப்பர் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தது. நீல ஆர்முக்கு வைத்திருந்த காசு அதற்குப் போனது. அவருக்கு இன்னும் கொஞ்சம் மனவருத்தம்தான். பரவாயில்லை. வேகமாக ஓட ஆசையிருந்தால் எங்களோடு ஓடுபாதைக்கு வரட்டும், ஸ்பெனர் பிடிக்க ஐந்தாவது ஆள் எங்களுக்கும் தேவை.