பேய்வீட்டு நடிகர்

அச்சம் எவரும் விரும்பி அழைக்கும் உணர்ச்சி அன்று. ஆயினும், பொருள் கொடுத்து அச்சத்தை வாங்கும் மக்களும் உலகில் உளர். அமெரிக்க நாட்டில் அக்டோபர் 31-ஆம் நாள் ஹாலோவீன் என்னும் விழா நிகழும். அதனையொட்டி ஆண்டுதோறும் ஊர்தோறும் பேய்வீடுகள் திறக்கப்படும். மக்கள் சீட்டு வாங்கி உள்ளே புகுவர், இருண்ட அறைகளின் ஊடே நடப்பர், அலறுவர், மறுவாயிலில் நகைத்துக்கொண்டே வெளிவருவர். கலிபோர்னியாவில் நாட்ஸ் பெரி ஃபார்ம் என்னும் பூங்கா 1973-ஆம் ஆண்டு தொடங்கிய இத்தகைய விழா இன்றளவும் நடைபெற்று வருகின்றது.

மாணவர்களே! பேய்வேடம் பூண்டு பிறரை அலறச் செய்வதும் ஒரு கலையோ என நீங்கள் வினவலாம். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென இன்று கருதுகின்றேன்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன் என்றார். இவற்றுள் பேய்வீடு கைக்கொள்வது அணங்கு. மெய்ப்பாடு என்னும் சொல்லையே நோக்குங்கள். உள்ளத்து உணர்ச்சி உடம்பின்கண் வெளிப்படுவது அது. உயிருள்ள உடம்பு இல்லாத இடத்தில் அது தோன்றுமாறு எங்ஙனம்?

பொறிகளே போதும் என்பார் உளர். இங்கிலாந்தில் 1915-இல் செய்யப்பட்ட பேய்வீடு ஒன்று லிப்ஹூக் என்னும் ஊரில் இன்றும் காக்கப்பட்டுள்ளது. அதனுள் தளம் ஆடும், கால் தடுமாறும். ஆனால் திடுக்கிடுதல் வேறு, அஞ்சுதல் வேறு. ஆடும் பலகை நம்மைத் திடுக்கிடச் செய்யும். இரண்டாம் முறை சென்றால் அதுவும் இராது.

இலண்டன் மாநகரில் 1862-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், ராயல் பாலிடெக்னிக் நிலையத்தில் பெப்பர் என்பவர் ஒரு விந்தை காட்டினார். மேடையின் முன்னே பெரிய கண்ணாடித் தகடு ஒன்று சாய்வாக நிறுத்தப்பட்டது. கீழே பள்ளத்தில், பார்ப்போர் கண்ணுக்குப் புலனாகாமல், ஒரு நடிகர் பேயுருவில் நின்றார். அவர்மீது பேரொளி பாய்ந்ததும் அவருடைய சாயல் கண்ணாடியில் தோன்றி, மேடைமீது ஆவியொன்று உலவுவதாகக் காட்சியளித்தது. இதில் வியப்புக்குரியது கண்ணாடி மட்டும் அன்று. மேடைமேல் நின்ற நடிகருக்கு அவ்வாவி புலப்படாது! வெற்றிடத்தை நோக்கியே அவர் விழி பிதுங்க வேண்டும். மெய் நடுங்க வேண்டும். கண்ணாடி உருவைக் காட்டிற்று. அஞ்சத்தக்கது அவ்வுரு என்பதைக் காட்டியவர் அவரே.

1969-இல் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட பேய் மாளிகை பொம்மைகளாலும் பொறிகளாலும் ஆயது. அதன் விருந்து மண்டபத்து ஆவிகளும் இக்கண்ணாடி முறையின் வழிவந்தனவே. அங்குச் செல்வோர் பெரிதும் மகிழ்கின்றனர், மறுக்கவில்லை. ஆனால் அம்மகிழ்ச்சி வியப்பின்பாற்பட்டது. அங்குப் படிகக் கோளத்தினுள் பேசும் தலைக்கும் எலினார் ஆட்லி என்னும் நடிகையார் குரல் தர வேண்டியிருந்தது.

இனி, பேய்வீட்டு நடிகரின் தொழிலைக் காண்போம். இருட்டில் அசையாது காத்திருத்தல் அதன் பெரும்பகுதி. வருகின்ற குழுவில் யார் துணிந்தவர், யார் துணிந்தவர்போல் நடிப்பவர், யார் பிறர் முதுகின்பின் ஒளிபவர் என்பதை நொடிப்பொழுதில் அவர் அறிதல் வேண்டும். ஒருவர் ஒருபுறம் கண்ணை ஈர்க்க, மற்றொருவர் மறுபுறத்திலிருந்து பாய்வார். கூட்டம் பின்வாங்கி நெரியாதபடி, முன்னோக்கி ஓடுமாறு அச்சுறுத்த வேண்டும். பெரும்பாலான இடங்களில் வந்தவரைத் தொடுதல் கூடாது என்பது விதி. அச்சம் எல்லை கடந்து ஒரு குழந்தை விம்மத் தொடங்கினால், அக்கணமே வேடத்தை விட்டு விலகி வழிவிட வேண்டும். வகுப்பறையில் பல்லாண்டு நின்றவனுக்கு இஃது ஓரளவு விளங்கும். கடைசிப் பலகையில் இருப்பவன் முகம் நோக்கிப் பாடத்தின் விரைவைக் குறைத்த நாள்கள் எனக்கும் பல. பொறிக்கு அம்முகம் தெரியாது.

நியூ ஜெர்சி மாநிலத்துப் பூங்கா ஒன்றில், 1984-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், பேய்க்கோட்டை தீப்பற்றி இளைஞர் எண்மர் மாண்டனர். தீயணைக்கும் நீர்த்தூவிகள் அங்கு இல்லை. அதன்பின் இத்தகைய கட்டடங்களுக்கான விதிகள் கடுமையாயின. பொய்யச்சம் ஊட்டும் இடத்தில் மெய்யச்சம் நேர்ந்தால், அலறலைக் கேட்டு எது விளையாட்டு, எது உண்மை எனப் பிரித்தறிய யாரால் இயலும்? அவ்விருட்டிலேயே நின்று பழகிய நடிகரால் இயலும். வெளியேறும் வழி நன்கு தெரிந்தவரும் அவரே.

இத்துணைப் பொறுப்பு உடையவருக்குக் கிடைப்பது யாது? நாடக மேடையில் திரை விழுந்ததும் நடிகர் முன்வந்து வணங்குவார், அவையோர் கைதட்டுவர். பேய்வீட்டில் திரையும் இல்லை; வணக்கமும் இல்லை. அஞ்சியவர் கையை வீசி அடித்துவிடுவதும் உண்டு. அடிபட்ட தோளைத் தடவிக்கொண்டு, அடுத்த குழு வருமுன் அவர் தம் மூலைக்குத் திரும்புவார். அவர் பெயரைக் கேட்டறிய வந்தவருக்குத் தோன்றுவதில்லை. முகமோ சாயத்தின்கீழ் மறைந்து கிடக்கின்றது.