வானவில் கொடிக்கு ஒரு நாடு

நாடு ஒன்றை உருவாக்க என்ன வேண்டும்? கொஞ்சம் மண், ஒரு கொடி, ஒரு கீதம், தபால்தலை, முடிந்தால் ஓர் எதிரி. 2004 ஜூன் 14ஆம் தேதி, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பவளக் கடலில் ஆளில்லாத கேட்டோ தீவில் கரையேறிய ஒரு சிறு குழுவுக்கு நாளடைவில் இவை எல்லாமே கிடைத்தன. கிடைக்காமல் போனது ஒன்றுதான்: அங்கே குடியிருக்க மக்கள்.

அவர்கள் வந்த கப்பலின் பெயர் ‘கேஃப்ளவர்’. மதச் சுதந்திரம் தேடி 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் ‘மேஃப்ளவர்’ கப்பலைக் குறும்பாக நினைவூட்டும் பெயர். மணலில் வானவில் கொடி பறந்தது. தன்பாலினத்தவருக்கான ‘பவளக் கடல் தீவுகளின் முடியரசு’ பிரகடனமானது. டேல் பார்க்கர் ஆண்டர்சன் ‘முதலாம் டேல்’ என்ற பட்டத்துடன் சக்கரவர்த்தி ஆனார். கூடாரம் அடித்த இடமே தலைநகரம். லண்டன் இரவு விடுதி ஒன்றின் பெயரையொட்டி அதற்கு ‘சொர்க்கம்’ என்று பெயர். குளோரியா கேய்னர் பாடிய பாட்டு ஒன்று தேசிய கீதமானது. செப்டம்பரில் ஆஸ்திரேலியா மீது போர் வேறு அறிவிக்கப்பட்டது. ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை.

கோமாளிக் கூத்துதான். ஆனால் கூத்துக்குப் பின்னால் கோபம் இருந்தது. திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே என்று வரையறுக்கும் மசோதாவை ஜான் ஹோவர்ட் அரசு அந்த ஆண்டு மே மாதம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. இந்த வீட்டில் இடமில்லை என்றால் தனிக்குடித்தனம் போகிறோம் என்பதே தீவுக்காரர்களின் பதில்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1970இல் லாஸ் ஏஞ்சலஸில் இயங்கிய தன்பாலினர் விடுதலை முன்னணி, கலிஃபோர்னியாவின் ஆல்பைன் மாவட்டத்தைக் ‘கைப்பற்ற’ப் போவதாக அறிவித்தது. சியரா நெவாடா மலையில் உள்ள அந்த மாவட்டத்தில் அப்போது 500 பேர்கூட இல்லை. சில நூறு பேர் குடியேறி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, தேர்தலில் ஜெயித்துவிட்டால் நிர்வாகம் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. பத்திரிகைகள் பரபரத்தன, உள்ளூர்க்காரர்கள் மிரண்டார்கள். குடியேற்றம் மட்டும் நடக்கவே இல்லை.

நடந்தது வேறோர் இடத்தில், வேறொரு காரணத்துக்காக. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய மேற்கு ஹாலிவுட்டில் தன்பாலினத்தவர் கணிசமாக வாழ்ந்தார்கள். அங்கே வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வரவிருந்தது. வாடகை ஏறினால் தெருவுக்கு வந்துவிடுவோம் என்று பயந்த முதியவர்களும் தன்பாலினத்தவரும் கைகோத்தார்கள். 1984 நவம்பரில் மேற்கு ஹாலிவுட் தனி நகரமானது. பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஐந்து பேர் கொண்ட முதல் நகரசபையில் மூவர் தன்பாலினத்தவர்.

அந்த ஆட்சி எப்படி இருந்தது? வாடகைக்கு உச்சவரம்பு வந்தது. பாகுபாட்டைத் தடுக்கும் விதி வந்தது. தன்பாலினத்தவரை உள்ளே வராதே என்று வசைச்சொல்லால் விரட்டிய ஓர் உணவகத்தின் பலகை இறங்கியது. சேர்ந்து வாழும் ஜோடிகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு 1985இல் தொடங்கியது. முதல் மேயர் வேலரி டெரிக்னோ, முன்பு நடத்திய சேவை அமைப்பின் பணத்தைக் கையாடிய வழக்கில் 1986இல் தண்டிக்கப்பட்டார். சுருக்கமாகச் சொன்னால், எல்லா நகரசபைகளையும் போலத்தான் இருந்தது. சொர்க்கம் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றம். நரகம் என்று பயந்தவர்களுக்கும் ஏமாற்றம்.

நகரம் சரி. இறையாண்மையுள்ள தனி நாடு என்றால்? முதல் சிக்கல் வாசலிலேயே வரும். குடியுரிமை கேட்டு வருபவர் தன்பாலினத்தவர்தான் என்று எப்படி உறுதி செய்வது? இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. அடக்குமுறைக்குத் தப்பி ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டவர்களிடம் அதிகாரிகள் இதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். செக் குடியரசில் உடல் கிளர்ச்சியைக் கருவி வைத்து அளந்த கொடுமையும் நடந்தது. இத்தகைய சோதனைகள் மனித கண்ணியத்துக்கு விரோதமானவை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. படுக்கையறையை எட்டிப் பார்க்கும் அரசிடமிருந்து தப்பி ஓடியவர்கள், தங்கள் எல்லைச் சாவடியில் அதே வேலையைச் செய்ய நேரும்.

இரண்டாவது சிக்கல் தொட்டிலில். யூதரின் பிள்ளை யூதர். தமிழரின் பிள்ளை தமிழ் பேசும். இந்த நாட்டின் குடிமக்களும் பிள்ளை பெறுவார்கள், தத்தெடுப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்து எதிர்பாலினத்தைத்தான் விரும்புவார்கள். ஒரே தலைமுறையில் நாட்டுக்குள் ஒரு சிறுபான்மை முளைத்துவிடும். அவர்களுக்கு ஓட்டுரிமை உண்டா? சொந்த விருப்பப்படி கல்யாணம் உண்டா? இல்லை என்றால், பழைய அநியாயம் ஆள் மாறி நடக்கிறது என்று பொருள். உண்டு என்றால், அது எல்லோருக்குமான நாடாகிவிடும். அப்படியானால் தீவு தேடிப் போனது எதற்கு?

மூன்றாவது சிக்கல்தான் கனமானது. இந்த நாட்டின் அடுத்த தலைமுறைக் குடிமக்கள் எங்கே பிறப்பார்கள்? மற்றவர்களின் வீடுகளில். பாட்னாவிலோ ஈரோட்டிலோ, அப்பா, அம்மா, பாட்டி, ஜாதகக் கட்டு எல்லாம் உள்ள ஒரு வீட்டில். தன்னிடம் ஏதோ வித்தியாசம் என்று பதினைந்து வயதில் புரிந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கும் அந்தப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கிடையாது, கையில் காசு கிடையாது. தனி நாடு தப்பி வந்தவர்களைக் காப்பாற்றும். தப்ப முடியாதவர்களைப் பார்த்து, ‘அதுதான் உங்களுக்கென்று ஒரு நாடு இருக்கிறதே, அங்கே போ’ என்று சொல்ல மற்றவர்களுக்கு வசதியும் செய்து தரும்.

கேட்டோ முடியரசின் கதை முடிந்த விதமும் இதைத்தான் சொல்கிறது. 2017இல் ஆஸ்திரேலியா தபால் மூலம் மக்கள் கருத்தைக் கேட்டது. 1.27 கோடிப் பேர் பதிலளித்தார்கள், 61.6 சதவீதம் பேர் தன்பாலினத் திருமணத்துக்குச் சம்மதித்தார்கள். முடிவு வெளியான அதே நவம்பரில் முடியரசு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. டிசம்பரில் சட்டம் மாறியது. வேண்டியது கிடைத்தவுடன் கடையைக் கட்டிய நாடு உலக வரலாற்றில் அதிகம் இருக்காது.

இந்தியாவில் கணக்கு இன்னும் தீரவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவை 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண அங்கீகாரம் தர மறுத்தது.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. தன் தோழியைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் தொடுத்த வழக்கு. அடைபட்டிருந்தவருக்கு வயது 25. திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் கூறினார்கள். அந்தப் பெண் தன் துணையுடன் போகலாம், பெற்றோர் தலையிடக் கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பு தர வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். அவர்கள் இருவருக்கும் தேவைப்பட்டது ஒரு தீவு அல்ல. வெளியே வந்து இறங்கும் தெருவில் பயமில்லாமல் நடக்கும் உரிமை.