மன்னர் விருந்தும் மறையாத வடுவும்

அரச குலங்கள் ஒன்றோடொன்று கொண்டும் கொடுத்தும் உறவு பூண்டால் நாடுகளிடையே போர் மூளாது என்பது நெடுங்காலம் உலகம் நம்பியிருந்த ஒரு கொள்கை. அக்கொள்கையை 1914ஆம் ஆண்டு பொய்யாக்கிற்று. அவ்வாண்டில் பிரித்தானியாவின் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம் சக்கரவர்த்தியும் விக்டோரியா மகாராணியாரின் பேரர்கள். ருஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸ், ஜோர்ஜ் மன்னரின் தாயாருடைய தங்கை மைந்தர். வில்ஹெல்மும் நிக்கலசும் செல்லப் பெயரிட்டு ஒருவருக்கொருவர் தந்தியனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவர்தம் படைகள் எல்லையை நோக்கி நடந்தன. இரத்த உறவு இரத்தக் களரியைத் தடுக்கவில்லை.

அவ்வாறாயின், ஆட்சியதிகாரம் கைநழுவிப்போன இக்காலத்திலும் மன்னர்கள் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் இராஜரீக விஜயம் செய்வதாற் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யப்பானியப் பேரரசர் நருஹிட்டோவும் பேரரசி மசாக்கோவும் பிரித்தானியாவுக்கு மேற்கொண்ட விஜயத்தைச் சிந்தித்தல் தகும்.

இவ்விஜயத்துக்கு முதலில் அழைப்பு விடுத்தவர் இரண்டாம் எலிசபெத் மகாராணியார். 2020இல் நிகழவேண்டியது கொள்ளைநோயால் தள்ளிப்போயிற்று. விருந்தினர் வந்தபோது அழைத்தவர் உயிரோடில்லை. அவருடைய மைந்தர் மூன்றாம் சார்ள்ஸ் மன்னரே வரவேற்றார். விருந்து மண்டபத்தில் யப்பானிய மொழியிலே, வீடு திரும்பியவரை வரவேற்கும் சொற்களாற் பேரரசரை அவர் வரவேற்றார். அச்சொற்கள் வெறும் உபசாரமல்ல. நருஹிட்டோ 1983 முதல் 1985 வரை ஒக்ஸ்போர்டில் மாணவராயிருந்து, தேம்ஸ் நதியின் படகுப் போக்குவரத்து வரலாற்றை ஆராய்ந்தவர். மசாக்கோவும் பின்னர் அங்கே பயின்றவர். விஜயத்தின்போது பிரித்தானியா பொதுத் தேர்தற் களத்தில் நின்றது. அரசாங்கம் மாறும் நிலையிலும் விருந்து தடைப்படவில்லை. அமைச்சரவைகள் மாறினும் தொடர்ந்து நிற்கும் ஒரு நினைவை அரச குடும்பங்கள் காக்கின்றன என்பதற்கு இது சான்று. ஆயினும் அந்நினைவிலே இனியன மட்டுமா அடங்கியுள்ளன?

நருஹிட்டோவின் பாட்டனார் ஹிரோஹிட்டோ, 1921இல் பட்டத்து இளவரசராக இலண்டன் சென்றார். அவரை ஏற்றிச்சென்ற "கட்டோரி" என்னும் போர்க்கப்பல் வழியிற் கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டே சென்றது. பக்கிங்ஹாம் மாளிகையில் ஐந்தாம் ஜோர்ஜ் அவரைத் தம் மைந்தரைப்போற் பேணினார். அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னர் ஒழுகவேண்டிய முறையை அங்கே கற்றதாக ஹிரோஹிட்டோவே பிற்காலத்திற் கூறியுள்ளார். எனினும் அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனிற் கைச்சாத்தான உடன்படிக்கை, 1902 முதல் நிலவிய ஆங்கில–யப்பானிய நட்புடன்படிக்கைக்கு முடிவுகட்டிற்று. மாளிகைகள் நெருங்கின, மந்திரிசபைகள் விலகின.

1929இல் கார்ட்டர் என்னும் பிரித்தானியாவின் மிகவுயர்ந்த வீரப்பட்டம் ஹிரோஹிட்டோவுக்கு அளிக்கப்பட்டது. 1941இல் யுத்தம் மூண்டதும் அப்பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அவருடைய கடற்படை விமானங்கள் கொழும்பிற் குண்டு பொழிந்தன. 9ஆந் திகதி திருகோணமலையைத் தாக்கின. இளவரசராய் இறங்கிய அதே துறைமுகத்தை அவருடைய படையே எரித்தது.

1971இல் ஹிரோஹிட்டோ மீண்டும் இலண்டன் சென்றபோது பட்டம் அவருக்கு மீண்டது. மக்கள் மனமோ மீளவில்லை. வீதியோரம் நின்ற முன்னாள் யுத்தக் கைதிகள் வாய்திறவாது நோக்கினர். கியூ பூங்காவில் அவர் நட்ட மரத்தை யாரோ வெட்டி வீழ்த்தினர். இரு நாட்டு உறவு எக்காலமும் சமாதானமாயிருந்ததில்லை என்பதை விருந்திலே எலிசபெத் மகாராணியார் மறையாது கூறினார். பேரரசரின் மறுமொழியிலோ யுத்தத்தைப் பற்றிய வருத்தம் இடம்பெறவில்லை. 1998இல் மைந்தர் அகிஹிட்டோ சென்றபோது, முன்னாட் கைதிகள் பலர் அவருடைய இரதம் கடக்குங்கால் முதுகைக் காட்டித் திரும்பி நின்றனர். துன்புற்றோரை நினைந்து தாம் ஆழ்ந்த துயரும் வேதனையும் அடைவதாக அகிஹிட்டோ விருந்தில் உரைத்தார். கைதிகள் வேண்டியதோ மன்னிப்பும் நட்டஈடும்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. 1947இல் நடைமுறைக்கு வந்த யப்பானிய அரசியலமைப்பின்படி பேரரசர் தேசத்தின் சின்னம். ஆட்சி தொடர்பான அதிகாரம் ஏதும் அவருக்கில்லை. ஆகவே நட்டஈட்டைப் பற்றி அவர் வாய்திறத்தல் இயலாது. அதிகாரமுள்ள அரசாங்கமோ, 1951ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையால் யாவும் தீர்ந்தன என்றது. (அம்மகாநாட்டிலேதான் இலங்கையின் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்த்தனா, புத்தர் போதனையை எடுத்துக்காட்டி, இந்நாட்டுக்குரிய நட்டஈட்டைக் கைவிடுவதாக அறிவித்தார்.) ஈற்றில் 2000ஆம் ஆண்டில், உயிரோடிருந்த கைதிகளுக்கும் இறந்தோரின் கைம்பெண்களுக்கும் தலைக்கு 10,000 பவுண் வழங்க முன்வந்தது பிரித்தானிய அரசாங்கமே. தன் குடிகளின் துன்பத்துக்குத் தானே விலை கொடுத்து, நட்புக்கு அது வழிசெய்தது.

2024இல் எவரும் முதுகு காட்டித் திரண்டு நின்றாரில்லை. காயம் ஆறிவிட்டதென்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? காயம்பட்டவருட் பெரும்பாலோர் காலமாகிவிட்டனர் என்பதே உண்மைக்கு அண்மையது.

தமிழர் இவ்விடத்தில் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டவர். 1942, 1943ஆம் ஆண்டுகளிற் சயாம்–பர்மா இரயிற்பாதை வேலையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர். அவர்களோடு அங்கே வதைந்த ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சமளவினர். அவர்களுள் மாண்டோர் கைதிகளினும் பன்மடங்கினர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அக்கூட்டத்திற் பெருந்தொகையினர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியிற் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் உள்ளன. தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோருக்குக் காடே கல்லறை, கணக்கேடும் செம்மையாயில்லை. பிரித்தானியா அளித்த உதவித்தொகைக்கு அவர்கள் உரியவரல்லர். 1967இல் யப்பான் இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி பெறுமதியான உதவியை அளித்தது. அது அரசுக்குச் சேர்ந்தது, தொழிலாளர் குடிசைக்குச் சேரவில்லை. முதுகு காட்டி நிற்பதற்கும் அவர்களுக்கு ஓர் இராஜவீதி வாய்க்கவில்லை.

எனவே மன்னர்தம் விஜயங்களை வீண் ஆடம்பரமென ஒதுக்குதலும் தவறு. அவற்றாற் பழையன யாவும் கழிந்தன என்று மகிழ்தலும் தவறு. 1971இல் வாய்மூடியிருந்த பாட்டனாருக்கும், 1998இல் துயருரைத்த மைந்தருக்கும், பாட்டனாரும் தந்தையாரும் சென்ற வழியை விருந்திலே நினைவுகூர்ந்த பேரருக்கும் இடையில் உண்மையான வளர்ச்சி உண்டு. மந்திரிகள் ஒரு தேர்தலுக்கு அப்பால் நினையார். மரபுவழி வந்தவர்க்கோ மூன்று தலைமுறைக் கணக்கையும் சுமந்தே அவ்வாயிலில் நுழையவேண்டியிருக்கிறது. அச்சுமையே அவ்விஜயத்தின் பெறுமதி. ஆனால் உறவைப் புதுப்பிக்க வல்லவர் மன்னர். கடனைத் தீர்க்க வல்லவர் அரசாங்கத்தார். முன்னவரின் விருந்தைக் காட்டிப் பின்னவர் தம் கடனை மறப்பாராயின், பெயரில்லாது மாண்டோரின் பெயரால் அதனை நினைவூட்டுதல் உயிரோடிருக்கும் நம்மவர் கடனாகும்.